படப்பெட்டி: பழைய படப் பிரியர்களின் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். "இந்தத் தலைப்பில் என்னென்ன படம் பார்க்கலாம்?" என்பதுதான் கேள்வி. வெறும் பெயர்ப்பட்டியல் யாருக்கும் உதவாது. அதனால் ஒவ்வொரு படத்திலும் எந்த இடத்தை, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

எங்கள் நண்பர் வட்டத்தில் வாரம் ஒரு தலைப்பு வைக்கிறோம். "அண்ணன் தங்கை" என்றால் நாற்பது படப் பெயர் குவிகிறது. பேச்சு மட்டும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

தலைப்பு அகலமாக இருப்பதுதான் கோளாறு. "அண்ணன் தங்கை" என்று வைத்தால் எல்லோரும் 'பாசமலர்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதையே "அண்ணனும் தங்கையும் நெடுநாள் பிரிந்து மறுபடி சந்திக்கும் காட்சி" என்று குறுக்குங்கள். இப்போது ஒவ்வொருவரும் ஒரு காட்சியைத் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு ஒரு காட்சிதான், எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், காட்சி தொடங்கும் நிமிடம் நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். நிமிடக் கணக்கு இல்லாவிட்டால் தேடுவதிலேயே பாதி மாலை போய்விடும். ஒரு மாலைக்கு ஆறு காட்சி போதும். ஒரே நடிகரின் படத்திலிருந்து இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு தலைப்பை விட்டு ரசிகர் சண்டைக்குள் போய்விடும்.

இரட்டை வேடப் படங்களை வரிசையாகப் பார்க்க ஆசை. எதில் தொடங்கலாம்? அந்தக் காலத்தில் ஒரே நடிகரை ஒரே பிரேமில் இரண்டு பேராக எப்படிக் காட்டினார்கள்? (மதுரை வாசகர்)

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-ல் எடுத்த 'உத்தம புத்திரன்'தான் தமிழில் இந்த வரிசைக்குத் தலைப்பிள்ளை. இரண்டு வேடமும் பி.யு. சின்னப்பா. அதே பெயரில், அதே கருவில் 1958-ல் டி. பிரகாஷ்ராவ் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே 1958-ல் எம்.ஜி.ஆர். தானே இயக்கி, நாடோடி வீராங்கனாகவும் மன்னர் மார்த்தாண்டனாகவும் நடித்த 'நாடோடி மன்னன்' வந்தது. பிறகு 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை', 1969-ல் சிவாஜி அப்பாவும் இரண்டு மகன்களுமாக மூன்று வேடம் போட்ட 'தெய்வமகன்'. இந்த ஐந்தும் போதும்.

எடுத்த முறைக்கு மாஸ்க் ஷாட் என்று பெயர். கேமராவை இம்மியும் அசையாதபடி பூட்டிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு கருப்புத் தகடு வைப்பார்கள். திறந்திருக்கும் பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடித்து முடிப்பார். பிறகு பிலிமைத் தொடங்கிய அதே இடம் வரை பின்னால் சுற்றி, தகட்டை மறுபாதிக்கு மாற்றுவார்கள். நடிகர் உடையும் ஒப்பனையும் மாற்றிக்கொண்டு வந்து மற்றவராக நடிப்பார். ஆக, ஒரே பிலிமில் ஒளி இரண்டு தடவை பதிகிறது. தகடு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் விளிம்பு கூர்மையாக விழாமல் மங்கிவிடும். இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்வது அந்த மங்கலால்தான்.

தவறுவதற்கு இடம் நிறைய. தகடு கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால் நடுவில் எந்த ஒளியும் படாத பட்டை ஒன்று மிஞ்சி, திரையில் கருங்கோடாகத் தெரியும். கொஞ்சம் விலகி நின்றால் அதே பட்டையில் இரண்டு தடவை ஒளி பட்டு வெளிறிப் போகும். இரண்டு முறைக்கும் நடுவில் ஒரு விளக்கு நகர்ந்தாலும் சுவரின் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளுத்தும் நிற்கும். கேமராவுக்குள் பிலிம் இரண்டாம் முறை அச்சாக அதே இடத்தில் அமராவிட்டால், ஒரு பாதி அசையாமல் இருக்க மறுபாதி மட்டும் மெல்ல நடுங்கும். நடிகர் கையை ஆட்டிப் பேசும்போது விரல் அந்தக் கோட்டைத் தாண்டினால் விரல் காணாமல் போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு படத்தைப் பாருங்கள். இருவரும் சேர்ந்து நிற்கும் காட்சியில் நடுவே ஒரு தூணோ, கதவு நிலையோ, திரைச்சீலையின் ஓரமோ இருக்கும். ஒட்டு விழும் இடம் அது. அந்த ஷாட் முழுக்க கேமரா நகராது. இருவரும் கட்டிப்பிடித்தால் ஒருவருடைய முதுகு மட்டும்தான் தெரியும், அந்த முதுகு டூப்புடையது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணைப் பாருங்கள். எதிரே ஆளே இல்லாத இடத்தில் அவர் பார்வை வைத்திருக்கிறார். அது எதிராளியின் கண் உயரத்துக்குச் சரியாகப் போய் நிற்கிறதா, அல்லது தோளிலோ நெற்றியிலோ முட்டுகிறதா? இரட்டை வேடத்தில் நல்ல நடிகரையும் சுமாரான நடிகரையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு விஷயம்தான்.

நடிப்புக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை' அருமையான பாடம். பயந்தாங்கொள்ளி ராமு, துணிச்சல்கார இளங்கோ இருவரும் முகத்தில் ஒன்று. வசனம் வரும்போது ஒலியை அடைத்துவிட்டுத் தோளை மட்டும் கவனியுங்கள். யார் ராமு, யார் இளங்கோ என்று தோளே சொல்லிவிடும்.

இந்த வரிசையில், இரட்டை வேடத்துக்கு ஒட்டு வேலையே தேவைப்படாத ஒரு படத்தையும் சேர்க்கச் சொல்வோம்: 'மாயா பஜார்' (1957). எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் இளவரசி உருவம் எடுத்த பிறகு, அந்த உருவத்தில் நடிப்பவர் சாவித்திரி. சேலை கட்டிய இளவரசியின் உடலுக்குள் ஒரு ராட்சசன் உட்கார்ந்திருக்கிறான் என்று நடையிலும் முறைப்பிலும் காட்டுகிறார். தமிழ்த் திரையின் மிகச் சிறந்த இரட்டை வேடம் எதுவென்று கேட்டால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

பாட்டே இல்லாத பழைய தமிழ்ப் படம் உண்டா? துப்பறியும் படங்களுக்கும் ஒரு வரிசை சொல்லுங்கள். (கும்பகோணம் வாசகி)

ஏவி.எம். தயாரிப்பில், வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டு, நடனம், சண்டை மூன்றும் கிடையாது. 1943-ல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு போட்ட நேரத்துக் கதை. படம் தொடங்கியதுமே ராஜனாக வரும் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். 'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டு, ஊரெல்லாம் கொண்டாடும் கதாநாயகன் முதல் காட்சியிலேயே பிணம்! பிறகு ஜாவர் சீதாராமனின் சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைச் சொல்கிறார்கள்.

பார்க்கும்போது ஒரு தாளில் சாட்சிக்கு ஒரு கட்டம் போட்டு, அவர் சொல்லும் ராஜன் எப்படிப்பட்டவன் என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். படம் முடிகையில் கட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரே நடிகர் சாட்சிக்குச் சாட்சி எப்படி நிறம் மாறுகிறார் என்பது அப்போது கையில் கிடைக்கும். மாருதி ராவ் ஒளிப்பதிவில் நிழலும் ஒரு பாத்திரம். அறையில் பகலிலும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் கருப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

அடுத்து, அதே பாலசந்தரின் 'பொம்மை' (1964). முன்னதில் கொன்றவர் யார் என்பது நமக்குத் தெரியாது. இதில் பொம்மைக்குள் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், பொம்மையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்குத் தெரியாது. திகிலின் இரண்டு வகையையும் ஒரே இயக்குநர் செய்து காட்டியிருக்கிறார். கடைசியில் படத்தில் வேலை செய்தவர்களை அவரே திரையில் அறிமுகப்படுத்துவார், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவதாக 'புதிய பறவை' (1964). முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்க வேண்டிய படம். சரோஜாதேவி பேசும் ஒவ்வொரு வரிக்கும் அப்போது வேறு அர்த்தம் வரும். வண்ணத்தில் இன்னொன்று வேண்டுமென்றால் 'அதே கண்கள்' (1967). முடிவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, முன்பே பார்த்தவர்களிடம் சத்தியம் வாங்கிவிடுங்கள்.

நாதஸ்வரம் வரும் படங்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

இரண்டே போதும். 'கொஞ்சும் சலங்கை' (1962), 'தில்லானா மோகனாம்பாள்' (1968).

முதல் படத்தில் 'சிங்கார வேலனே தேவா'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம், எஸ். ஜானகி குரல், காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம். திரையில் சாவித்திரியும் ஜெமினி கணேசனும். இந்தப் பாட்டில் முதலில் காதைக் கொடுங்கள். நாதஸ்வரம் ஒரு சங்கதியை, அதாவது ஒரு இசைச் சுழிப்பை, வாசித்ததும் ஜானகி அதே சங்கதியைச் சொல்லில்லாமல் 'ஆ' என்று அகாரத்தில் திருப்பித் தருவார். இரண்டும் எங்கே முட்டி, எங்கே ஒன்றாகிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

இரண்டாவதில் கண்ணைக் கொடுங்கள். கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. திரையில் சிவாஜியும் ஏவி.எம். ராஜனும் அதை ஏந்தியிருக்கிறார்கள். நாதஸ்வரத்தில் விரல் படும் துளை ஏழு. ஸ்வரம் மேலே ஏற ஏற, கீழ்த்துளைகளிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட வேண்டும். நடிகர் சும்மா விரலை ஆட்டினால் நாதஸ்வரம் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கன்னமும் அப்படித்தான். ஒலி நிற்கும் அதே கணத்தில் கன்னத்துக் காற்று தளர வேண்டும், மூச்சு இழுக்கும்போது தோள் ஏற வேண்டும். சிவாஜியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் சரிபார்க்கும் பாவனையும், அடுத்தவர் வாசிக்கும்போது வாத்தியத்தை மார்போடு வைத்துக்கொண்டு கேட்கும் விதமும் ஒரு வித்துவானுடையவை.

'நலந்தானா' பாட்டில் இன்னொன்று நடக்கிறது. குத்துப்பட்டுப் பிழைத்து வந்திருக்கும் சண்முகசுந்தரத்திடம் (சிவாஜி), சபை நடுவே ஆடியபடியே மோகனா (பத்மினி) நலம் விசாரிக்கிறாள். வாயில் நாதஸ்வரம் இருப்பதால் அவரால் பதில் பேச முடியாது. புருவத்தாலும் கண்ணில் தேங்கும் நீராலும்தான் பதில். பத்மினி, சிவாஜி இருவரையும் பார்த்தாகிவிட்டதா? இனி மூன்றாம் முறை தவில்காரர் பாலையாவை மட்டும் பாருங்கள். நடப்பது அத்தனையும் புரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்படியானால் டி.எஸ். பாலையாவுக்கென்று ஒரு வரிசை தரக் கூடாதா? (அதே வாசகர், அதே கடிதத்தில்)

கட்டாயம் தரவேண்டும். ஐந்தே ஆண்டுக்குள் மூன்று படம்: 'காதலிக்க நேரமில்லை' (1964), 'திருவிளையாடல்' (1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968).

முதலாவதில், படம் எடுக்கக் கிளம்பிய மகன் நாகேஷ் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு முறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். மகன் என்னதான் படம் எடுக்கிறான் பார்ப்போம் என்ற எஜமானத் தோரணையில் உட்காருகிறார். சத்தம் ஒவ்வொன்றாக வர, தோரணை கழன்று விழுந்து, கடைசியில் நடுங்கும் கிழவர் மட்டும் மிஞ்சுகிறார். பேசுவது கொஞ்சம்தான். அவர் அப்படி நிஜமாகப் பயப்படாவிட்டால் நாகேஷின் சேஷ்டைக்குச் சிரிப்பே வந்திருக்காது.

இரண்டாவதில் ஹேமநாத பாகவதர். 'ஒருநாள் போதுமா' பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். அந்தக் குரலின் செருக்கை முழுக்கத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு விறகுவெட்டியாக வரும் சிவாஜியின் 'பாட்டும் நானே' காதில் விழும்போது அந்த முகத்தைப் பாருங்கள். முன்னதில் பயத்தால் இறங்கினார், இதில் தன்னைவிடப் பெரிய வித்தையைக் கேட்டு இறங்குகிறார். இரண்டு இறக்கமும் ஒரே மாதிரி இல்லை.

சொந்தக் குரலில் பாடி நடித்தவர்கள் யார் யார்? (சேலம் வாசகி)

எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, டி.ஆர். மகாலிங்கம், கே.பி. சுந்தராம்பாள், பி. பானுமதி, என்.எஸ். கிருஷ்ணன், ஜே.பி. சந்திரபாபு. ஆளுக்கு ஒன்றாகப் பார்ப்பதென்றால் பாகவதருக்கு, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944). சுந்தராம்பாளுக்கு 'ஔவையார்' (1953), பானுமதிக்கு 'அன்னை' (1962), சந்திரபாபுவுக்கு 'புதையல்' (1957).

முப்பதுகளின் படங்களைப் பார்க்கும்போது, பாடுகிறவர் ஏன் நட்டு வைத்ததுபோல் நிற்கிறார் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அப்போது படப்பிடிப்புத் தளத்திலேயே பாட்டும் பதிவானது. மைக் தலைக்கு மேலே, வாத்தியக்காரர்கள் பிரேமுக்கு வெளியே. இரண்டடி நகர்ந்தால் குரல் மங்கிவிடும். அந்த நிலையில் முகத்தாலும் குரலாலும் மட்டும் ஒரு பாட்டை நிறுத்தியவர்கள் அவர்கள்.

ஜெமினி கணேசனுக்கு ஏ.எம். ராஜா பாடியது எது, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது எது என்று குழம்புகிறது. (கோவை வாசகர்)

ஆண்டு பாதி விடை தரும். 'மிஸ்ஸியம்மா' (1955), 'கல்யாண பரிசு' (1959), 'களத்தூர் கண்ணம்மா' (1960) மூன்றிலும் ராஜா. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தின் 'காலங்களில் அவள் வசந்தம்', 'சுமைதாங்கி' (1962) படத்தின் 'மனிதன் என்பவன்' இரண்டும் பி.பி.எஸ். ஆனால் 1961-லேயே வந்த 'தேன் நிலவு' ராஜாதான், ஏனென்றால் இசையும் அவரே.

மீதிப் பாதியைக் காது தரும். ராஜாவின் குரல் மெலிந்து மிதக்கும், வரியின் கடைசிச் சொல்லை லேசாக விட்டுவிடும். பி.பி.எஸ். கீழ் ஸ்தாயியில் வசதியாக உட்கார்ந்து, சொல்லை அழுத்தி முடிப்பார். 'வாராயோ வெண்ணிலாவே', 'காலங்களில் அவள் வசந்தம்' இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று தடவை கேளுங்கள், பிறகு குழப்பமே வராது.

ஒரே பாட்டு மகிழ்ச்சியாகவும் சோகமாகவும் வரும் படங்கள்? (சென்னை வாசகி)

'கல்யாண பரிசு' படத்தின் 'உன்னைக் கண்டு நானாட' முதலில் சுசீலா குரலில் தீபாவளிக் களிப்பு, பிறகு ராஜா குரலில் வேதனை. 'பாலும் பழமும்' (1961) படத்தின் 'நான் பேச நினைப்பதெல்லாம்', 'புதிய பறவை'யின் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' இரண்டும் இப்படியே. கேட்கும்போது தாளத்தைத் தட்டிப் பாருங்கள். மெட்டு மாறாமல் நடை இளகும், தாள வாத்தியம் பின்வாங்கும். சோகம் பாதி அங்கேயே வந்துவிடுகிறது.

ரயிலை வைத்து ஒரு படம்? (அரக்கோணம் வாசகர்)

'பச்சை விளக்கு' (1964). சிவாஜி என்ஜின் டிரைவர். 'கேள்வி பிறந்தது அன்று' பாட்டு ஒன்றுக்காகவே பார்க்கலாம்.

'வஞ்சிக்கோட்டை வாலிபன்' நாட்டியப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பத்மினியின் பாதமே தெரியவில்லை! இன்னொரு படம் குள்ளமும் குண்டுமாகத் தெரிந்தது. பாட்டு ஸ்ருதி ஏறியதுபோலவும் இருந்தது. படம் முழுசாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நெல்லை வாசகி)

நான்கும் தனித்தனிக் கோளாறு.

பாதம் தெரியாததற்குக் காரணம், படத்தை வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலப் பிரேம் ஏறக்குறைய 4:3. இன்றைய திரை 16:9. பக்கவாட்டில் கருப்புப் பட்டை வரக் கூடாதென்று படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் நறுக்கினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். பேச்சுக் காட்சியில் நெற்றி போகும், நாட்டியத்தில் சலங்கையே போகும். பரதம் ஆடும் இருவரின் போட்டியில் காலை வெட்டி எறிந்தால் மிச்சம் என்ன? உங்கள் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் 'ஜூம்' இருந்தால் நீக்கி 4:3 வையுங்கள். அப்படியும் பாதம் வரவில்லையென்றால் பிரதியே வெட்டுப்பட்டது, வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

குண்டாகத் தெரிவது, 4:3 படத்தை வெட்டாமல் அகலத்தில் மட்டும் இழுப்பதால். முகம் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். அதே 4:3 அமைப்பு இதையும் சரிசெய்யும்.

ஸ்ருதி ஏறுவது வேகத்தால். சினிமா நொடிக்கு 24 பிரேம். தொலைக்காட்சிக்காக அதை 25 ஆக்கி ஓட்டிய பிரதிகள் உண்டு. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடினால், குரல் அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேலே ஏறிவிடும். நல்ல ஸ்ருதி ஞானம் உள்ளவர்களுக்கு உடனே உறுத்தும். கணினியில் பார்த்தால் வேகத்தை 0.96 என்று வையுங்கள். ஸ்ருதியை மாறாமல் வைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அணைத்தால்தான் குரல் பழைய இடத்துக்கு இறங்கும்.

முழுசா என்று பார்க்க, படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிறுத்துங்கள். அதில் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறக்குறைய 27.4 மீட்டர் ஓடும். 16,200 அடி என்று இருந்தால் 180 நிமிடம். உங்கள் பிரதி 173 நிமிடம் ஓடினால் கவலை வேண்டாம், அது 25 பிரேம் வேகத்தால் வந்த குறைவு. 160-தான் என்றால் எதையோ வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் போவது நகைச்சுவைத் தனிக்கதையும் இரண்டாம் பாதியில் வரும் ஒரு பாட்டும். படத்தின் பாட்டுப் புத்தகமோ இசைத்தட்டோ கிடைத்தால் பாடல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எது விடுபட்டது என்று குறித்துவையுங்கள். அடுத்த பிரதி கிடைக்கும்போது முதலில் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கலாம்.